பச்சை அறையும் வெள்ளை அறையும்

நம்ம ஊர்ல சுவருக்கு எந்தக் கலர் அடிச்சாலும் அதுக்குப் பேரு வெள்ளையடிக்கிறதுதான். "வீட்டுக்கு வெள்ளையடிக்கணும், ஹாலுக்கு மட்டும் ரோஸ் அடிக்கலாம்னு இருக்கேன்" என்று யாராவது சொன்னால் நாம சிரிக்கிறதே இல்லை :-) பொங்கலுக்கு முன்னாடி சுண்ணாம்பை நீத்து, வடிகட்டி, ரெண்டு சொட்டு நீலம் விட்டு, மட்டையால அடிச்ச காலத்துல வந்த வார்த்தை. சுண்ணாம்பு போய் டிஸ்டம்பர் வந்து, அதுவும் போய் எமல்ஷன் வந்த பிறகும் வார்த்தை மட்டும் அப்படியே நிக்குது.

இப்போ பெயிண்ட் கடையில கலர் கார்டை விரிச்சா ஆயிரத்துச் சொச்சம் கலர் இருக்கு. ஆனா அத்தனையும் பார்த்துட்டு வீட்டுக்கு வந்தா கடைசியில ரெண்டே கலருக்குத்தான் பஞ்சாயத்து நடக்கும். ஒருத்தர் "பளிச்சுனு வெள்ளை அடி, ரூம் பெருசாத் தெரியும்" என்பார். இன்னொருத்தர் "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும், கண்ணுக்குக் குளிர்ச்சியா பச்சை அடி" என்பார்.

இதே பஞ்சாயத்து 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவிலும் நடந்தது. ஆனா அங்கே அது வெறும் ரசனைப் பிரச்சினையாக இல்லை. அந்தப் பச்சையில் ஆர்சனிக் இருந்தது. அந்த வெள்ளையில் ஈயம் இருந்தது. பச்சையைப் பார்த்து ஊரே அலறியது, கொஞ்ச காலத்தில் ஒழித்தும் கட்டியது. வெள்ளையை யாரும் சந்தேகமாகக்கூடப் பார்க்கவில்லை. அது கூடுதலாக ஒரு நூற்றாண்டு ஆட்டம் போட்டது. ஏன் அப்படி என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், காபியோட உட்காருங்க.

முதலில் பச்சை

18ஆம் நூற்றாண்டு வரைக்கும் நல்ல பச்சை கிடைப்பது குதிரைக்கொம்பு. செம்புத் தகட்டில் காடியின் ஆவி படவைத்து, மேலே படிகிற பச்சைக் களிம்பைச் சுரண்டி எடுப்பார்கள். நம்ம வீட்டுச் செம்புப் பாத்திரத்தில் புளி பட்டு அப்படியே விட்டா வருமே, கிட்டத்தட்ட அந்தச் சங்கதிதான். அடிச்ச புதுசுல அழகா இருக்கும், நாளாக நாளாகக் கறுத்துப் போகும். இல்லாட்டி நீலத்தையும் மஞ்சளையும் கலக்கணும், அது மங்கலா வரும்.

1775ல் ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் வில்ஹெல்ம் ஷீலே என்கிற வேதியியலாளர் செம்பையும் ஆர்சனிக்கையும் சேர்த்து ஒரு புதுப் பச்சையைக் கண்டுபிடித்தார். (ப்ரீஸ்ட்லிக்கு முன்னாடியே ஆக்சிஜனைப் பிரித்தெடுத்தவர் இவர்தான். புத்தகமாகப் போடுவதற்குள் லேட்டாகி, பெயர் ப்ரீஸ்ட்லிக்குப் போய்விட்டது, பாவம்.) 1814ல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் ஊரில் வில்ஹெல்ம் சாட்லர் இதைவிடப் பளபளப்பான ஒன்றைத் தயாரித்தார். மரகதப் பச்சை, பாரிஸ் பச்சை, ஷ்வைன்ஃபுர்ட் பச்சை என்று ஊருக்கு ஒரு பேரு. சரக்கு ஒன்றுதான், அதிலும் செம்பும் ஆர்சனிக்கும்தான்.

அந்தக் கால வீடுகளை யோசிச்சுப் பாருங்க. மெழுகுவர்த்தி, எண்ணெய் விளக்கு, அப்புறம் கேஸ் விளக்கு. நிலக்கரிப் புகை. மத்த கலரெல்லாம் அழுது வடியிற அந்த வெளிச்சத்திலும் இந்தப் பச்சை மட்டும் ஜொலிச்சது. விலையும் மலிவு. இங்கிலாந்தில் செம்புச் சுரங்கங்களின் பக்கவிளைபொருளாகவே ஆர்சனிக் மூட்டை மூட்டையாக வந்து கொட்டியது. 1836ல் சுவர்க் காகிதத்தின் மீதிருந்த வரியை எடுத்தாங்க. (சுவர்க் காகிதம் என்பது டிசைன் அச்சடித்து சுவரில் ஒட்டுகிற காகிதம், வால்பேப்பர்.) அதுவரை பணக்காரர் வீட்டில் மட்டும் இருந்த பச்சை அறை, நடுத்தர வர்க்கத்தின் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. சுவர் மட்டுமா? திரைச்சீலை, செயற்கைப் பூ, பொம்மை, கவுன், மிட்டாய் சுற்றும் தாள் வரை எல்லாம் பச்சை.

முதல் எச்சரிக்கை 1839லேயே வந்துவிட்டது. லியோபோல்ட் க்மெலின் என்ற ஜெர்மன் வேதியியலாளர், பச்சைக் காகிதம் ஒட்டிய ஈரமான அறைகளில் ஒரு விதமான நாற்றம் வருகிறது, அங்கே இருப்பவர்களுக்கு உடம்புக்கு ஆகவில்லை, அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடுங்கள் என்று பத்திரிகையில் எழுதினார். எழுதினதோட சரி.

1861 நவம்பரில் லண்டனில் மெடில்டா ஷாய்ரர் என்கிற 19 வயசுப் பெண் செத்துப் போனாள். வேலை, செயற்கைப் பூ செய்யும் பட்டறையில் இலைகளுக்குப் பச்சைத் தூள் தூவுவது. சாகும்போது அவள் கண்ணின் வெள்ளைப் பகுதிகூடப் பச்சையாக இருந்ததாம். பார்ப்பதெல்லாம் பச்சையாகத் தெரிகிறது என்று சொன்னாளாம். அடுத்த வருஷமே லண்டனின் லைம்ஹவுஸ் பகுதியில் ஒரே வீட்டில் நாலு குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தார்கள். அந்த வீட்டு அறையில் பச்சைக் காகிதம். சோதித்துப் பார்த்ததில் ஆர்சனிக். ஆனாலும் விசாரணை ஜூரி இயற்கை மரணம் என்றுதான் தீர்ப்புச் சொன்னது.

ஜூரி நம்பாட்டியும் ஜனங்க நம்பிட்டாங்க. அந்த 1862லேயே ஹோஃப்மன் என்ற வேதியியலாளர் பச்சை அலங்காரங்களில் எவ்வளவு ஆர்சனிக் இருக்கு என்று கணக்குப் போட்டு டைம்ஸ் பத்திரிகையில் வெளியிட்டார். பன்ச் பத்திரிகை ஆர்சனிக் நடனம் என்று எலும்புக்கூடு கார்ட்டூன் போட்டது. அமெரிக்காவில் மிச்சிகனைச் சேர்ந்த ராபர்ட் கெட்ஸி என்ற பேராசிரியர் 1874ல் செய்த வேலைதான் உச்சம். கடைகளில் விற்ற ஆர்சனிக் சுவர்க் காகிதங்களையே துண்டு துண்டாக வெட்டி, புத்தகமாகத் தைத்து, 100 பிரதி போட்டு, மாநிலம் பூரா நூலகங்களுக்கு அனுப்பினார். தலைப்பு, மரணச் சுவர்களின் நிழல்கள் என்ற பொருளில். படிச்சாலே விஷம் ஏறும் புத்தகம்! பின்னாளில் பல நூலகங்கள் பயந்துபோய் அதை அழித்துவிட்டன. மிச்சமிருக்கும் சில பிரதிகளை இப்போ கையுறை இல்லாமத் தொட விடுறதில்லை.

இந்தக் கதையில் தவிர்க்க முடியாத இன்னொருத்தர் வில்லியம் மோரிஸ். சுவர்க் காகித டிசைன் என்றாலே இன்னிக்கும் இவர் பேருதான். தொழிலாளிக்காகப் பேசிய சோஷலிஸ்ட். அதே ஆள், அப்பா வழியில் வந்த பங்குகளால் டெவன் கிரேட் கான்சல்ஸ் என்ற சுரங்கக் கம்பெனியில் 1875 வரைக்கும் இயக்குநர். அந்தக் கம்பெனிதான் அந்தக் காலத்தில் உலகத்திலேயே பெரிய ஆர்சனிக் உற்பத்தியாளர்களில் ஒன்று. ஊரெல்லாம் அலறும்போது, 1885ல் எழுதிய ஒரு கடிதத்தில், இந்த ஆர்சனிக் பயமே முட்டாள்தனம், டாக்டர்களுக்கு சூனியக்கார பயம் மாதிரி பிடித்திருக்கிறது என்கிற ரீதியில் எழுதினார். 2003ல் ஆண்ட்ரூ மெஹார்க் என்ற விஞ்ஞானி மோரிஸின் பழைய சுவர்க் காகிதம் ஒன்றைச் சோதித்தார். பச்சையில் செம்பும் ஆர்சனிக்கும் இருந்தது.

கவனிக்க வேண்டிய விஷயம் என்னன்னா, பிரிட்டனில் ஆர்சனிக் சுவர்க் காகிதத்துக்குத் தடைச் சட்டம் வரவே இல்லை. சட்டம் போடாமலேயே 1880களில் அந்தப் பச்சை கடையை விட்டுப் போனது. "எங்கள் காகிதத்தில் ஆர்சனிக் கிடையாது" என்று போட்டால்தான் விற்கும் என்ற நிலை வந்ததும் முதலாளிகள் தாங்களாகவே மாறிக்கொண்டார்கள். மிஞ்சின பாரிஸ் பச்சையை அப்புறம் என்ன பண்ணாங்க தெரியுமா? பூச்சிமருந்தா வித்தாங்க. உருளைக்கிழங்கு வண்டுக்கும் கொசுப்புழுவுக்கும் அடிச்சாங்க. வரவேற்பறையை அலங்கரிச்ச அதே தூள்!

நெப்போலியன் இல்லாமலா?

பச்சைச் சுவர்னு ஆரம்பிச்சா யாராவது நெப்போலியனைக் கொண்டு வந்துடுவாங்க, அதனால நானே முந்திக்கிறேன். 1821ல் செயின்ட் ஹெலினா தீவில் அவர் இறந்த லாங்வுட் வீட்டின் சுவர்க் காகிதத் துண்டு ஒன்று ஒருவர் வீட்டுப் பழைய ஆல்பத்தில் தப்பிப் பிழைத்திருந்தது. டேவிட் ஜோன்ஸ் என்ற வேதியியலாளர் 1980களின் தொடக்கத்தில் அதைச் சோதிக்கவைத்தார். ஆர்சனிக் இருந்தது. உடனே "சுவர்தான் நெப்போலியனைக் கொன்றது" என்று கிளம்பிவிட்டார்கள். ஆனா 2008ல் இத்தாலிய இயற்பியலாளர்கள் அவருடைய சின்ன வயசு முடி, எல்பா தீவில் இருந்தபோது எடுத்த முடி, கடைசிக் கால முடி எல்லாவற்றையும் சோதித்தார்கள். எல்லாத்துலயும் ஆர்சனிக் கிட்டத்தட்ட ஒரே அளவு. அந்தக் காலத்து மனுஷங்க எல்லாரும் அந்த அளவு ஆர்சனிக்கோடதான் வாழ்ந்திருக்காங்க. அவர் இறந்தது வயிற்றுப் புற்றுநோயால் என்பதுதான் பெரும்பாலான மருத்துவர்களின் முடிவு.

அந்த நாற்றத்துக்கும் ஒரு கதை உண்டு. 1890களில் பார்த்தலோமியோ கோசியோ என்ற இத்தாலியர், ஈரச் சுவரில் வளரும் பூஞ்சணம் பச்சையில் உள்ள ஆர்சனிக்கை வாயுவாக மாற்றுகிறது என்று காட்டினார். அந்த வாயு என்ன என்பதை 1930களில் ஃப்ரெடரிக் சேலஞ்சர் கண்டுபிடித்தார். ரொம்ப நாள் அந்த வாயுதான் ஆட்களைக் கொன்றது என்று எல்லாரும் எழுதினார்கள். 2005ல் வந்த ஒரு ஆய்வுக் கட்டுரை, அந்த வாயுவுக்கு அவ்வளவு விஷம் கிடையாது என்கிறது. அப்படின்னா ஆபத்து பெரும்பாலும் சுவரிலிருந்து உதிர்ந்த தூசியில்தான் இருந்திருக்கும். இந்தத் தூசியை ஞாபகம் வெச்சுக்குங்க. வெள்ளைக்குப் போகும்போது தேவைப்படும்.

அடுத்து வெள்ளை

முதல்லயே ஒண்ணு தெளிவுபடுத்திடறேன். நம்ம சுண்ணாம்பு வெள்ளை வேற, ஐரோப்பாவின் ஈய வெள்ளை வேற. சுண்ணாம்பில் விஷம் கிடையாது. நீத்தும்போது கண்ணில் பட்டால்தான் ஆபத்து. காய்ந்த பிறகு கை வெச்சா வேட்டியில ஒட்டும், அவ்வளவுதான்.

ஈய வெள்ளை ரோமானியர் காலத்துச் சமாச்சாரம். டச்சு முறை என்று ஒன்று இருந்தது. மண் சட்டியில் காடி ஊற்றி, அதற்கு மேலே ஈயத் தகட்டைச் சுருட்டி வைத்து, இப்படி நூற்றுக்கணக்கான சட்டிகளைக் குதிரைச் சாணத்துக்குள் புதைத்து, கதவைச் சாத்திவிட்டு மூணு மாசம் காத்திருப்பார்கள். சாணத்தின் சூடு, காடியின் ஆவி, சாணம் மக்கும்போது வரும் கரியமில வாயு எல்லாம் சேர்ந்து ஈயத்தை வெள்ளைச் செதிலாக மாற்றிவிடும். அதைச் சுரண்டி, கழுவி, அரைத்து, உலர்த்தி, ஆளிவிதை எண்ணெயில் குழைத்தால் பெயிண்ட். உலகத்திலேயே சுத்தமான கலரைச் சாணிக்குள்ள இருந்துதான் எடுத்திருக்காங்க :-)

குணத்தில் அதை அடிச்சுக்க ஆளில்லை என்பதையும் சொல்லணும். ஒரு கோட் அடிச்சாலே அடியில் இருப்பதை மறைக்கும். எண்ணெயோடு சேர்ந்து இறுகிப்போய் வருஷக்கணக்கில் நிக்கும், சீக்கிரம் வெடிக்காது. அதனாலதான் வீட்டுக்குள்ள, வெளிய, ஜன்னல், கதவு, கைப்பிடி என்று எல்லா இடத்திலும் அதுவே.

இது விஷம்னு அவங்களுக்குத் தெரியாதானு கேட்டா, தெரியும். நல்லாவே தெரியும். ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் ஈய வேலை செய்பவர்களின் முகம் வெளிறிப்போவதைக் குறித்து எழுதி, குடிதண்ணிக்கு ஈயக் குழாய் வேண்டாம், மண் குழாய் போடுங்கள் என்றார். பெயிண்ட் அடிப்பவர்களுக்கு வரும் வயிற்றுவலிக்கு "பெயிண்டர் வலி" என்று தனியாகப் பேரே இருந்தது. 1786ல் பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் ஒரு நண்பருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், அச்சுக்கோப்பவர்கள், பெயிண்டர்கள் என்று தான் பார்த்த ஈய நோய்களையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, ஒரு உபயோகமான உண்மை தெரிந்த பிறகும் அது நடைமுறைக்கு வர எத்தனை காலம் ஆகிறது பாருங்கள் என்ற கருத்தோடு முடிக்கிறார். இந்த வருஷத்தையும் ஞாபகம் வெச்சுக்குங்க, 1786.

வெள்ளையைத் தயாரித்தவர்கள் கதை இன்னும் மோசம். இங்கிலாந்தில் அந்தச் சட்டிகளை அடுக்குவதும் செதிலைத் தலையில் தூக்கிப் போவதும் பெரும்பாலும் பெண்கள். வேறு வேலை கிடைக்காத ஏழைகள், நிறைய ஐரிஷ் பெண்கள். சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1868ல் கிழக்கு லண்டனில் அவர்கள் வீடுகளுக்குப் போய்ப் பார்த்து எழுதினார். விஷம் ஏறும், வலிப்பு வரும், சிலர் சாவார்கள், சிலர் தப்பிப்பார்கள் என்பதெல்லாம் தெரிந்தேதான் போனார்கள். போகாட்டி பட்டினி. 1898ல்தான் அந்த ஆலைகளின் ஆபத்தான வேலைகளில் பெண்களைச் சேர்க்கக்கூடாது என்று விதி வந்தது.

சரி, மாற்று இல்லையா? இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். 1780களிலேயே பிரான்சில் கிட்டோன் த மோர்வோ என்ற வேதியியலாளர், ஈயத்துக்குப் பதிலாகத் துத்தநாக வெள்ளையைப் பயன்படுத்தலாம் என்று சொல்லிவிட்டார். 1840களில் எட்மே ஜான் லெக்லேர் என்ற பாரிஸ் பெயிண்டிங் காண்ட்ராக்டர், தன்னிடம் வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராக நோயில் விழுவதைப் பார்த்து, ஈயத்தை விட்டுவிட்டுத் துத்தநாக வெள்ளைக்கு மாறினார். தொழிலாளிகளுக்கு லாபத்தில் பங்கு கொடுத்த முன்னோடிகளில் ஒருவரும் இவர்தான். வியாபாரமும் படுக்கவில்லை, நன்றாகவே சம்பாதித்தார். நல்ல மனசும் நல்ல கணக்கும் ஒரே ஆளிடம் இருந்த அபூர்வமான கேஸ். ஆனா மத்தவங்க பின்னாடி போகலை. துத்தநாகம் ரெண்டு கோட் சேர்த்து அடிக்கணும், விலை, பழக்கம் என்று ஆயிரம் சாக்கு.

பிரான்ஸ் 1909ல் சட்டம் போட்டு 1915 முதல் பெயிண்ட் வேலையில் ஈய வெள்ளையைத் தடுத்தது. 1921ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, கட்டடங்களின் உட்புறத்தில் ஈய வெள்ளை அடிக்கக்கூடாது என்று ஒரு ஒப்பந்தமே கொண்டுவந்தது. அதிலும் ரயில் நிலையத்துக்கும் தொழிற்சாலைக்கும் விதிவிலக்கு. பிரிட்டன் அதில் கையெழுத்துப் போட மறுத்தது. அந்த நாட்டின் முதல் தொழிற்சாலை மருத்துவ ஆய்வாளர் தாமஸ் லெக், கால் நூற்றாண்டுக்கு மேல் ஈய விஷத்தை எதிர்த்தவர், அந்த ஒரே காரணத்துக்காக 1926ல் வேலையை ராஜினாமா செய்தார். அமெரிக்காவும் சேரவில்லை.

சுவரை நக்கிய குழந்தைகள்

இதுவரை சொன்னது வெள்ளையைச் செய்தவர்கள், அடித்தவர்கள் கதை. அறைக்குள் வாழ்ந்தவர்கள்?

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் 1890களில் குழந்தைகளுக்குக் கை கால் துவண்டு போவதும் கண் பார்வை கெடுவதும் அதிகமாக இருந்தது. ஈய விஷம் என்று டாக்டர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள், ஆனா எங்கிருந்து வருகிறது என்று பிடிபடவில்லை. தண்ணியா, பாத்திரமா என்று தேடினார்கள். 1904ல் லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் டாக்டர், வராந்தாக் கம்பியிலும் அறைச் சுவரிலும் இருக்கும் பெயிண்ட்தான் காரணம் என்று எழுதினார். வெயிலில் பெயிண்ட் பொடிப்பொடியாக உதிர்கிறது, குழந்தை அதைத் தொட்டுவிட்டு விரலை வாயில் வைக்கிறது. அவ்வளவு சுலபமான விஷயம். பச்சையில் பார்த்த அதே தூசி! குவீன்ஸ்லாந்து மாநிலம் 1922ல் குழந்தைகள் கைக்கு எட்டும் இடங்களில் ஈயப் பெயிண்டைத் தடுத்தது.

அதே 1920களில் அமெரிக்காவில் என்ன நடந்தது? டச்சுப் பையன் படம் போட்ட பிரபல ஈய வெள்ளைக் கம்பெனி, குழந்தைகளுக்கென்றே கலர் அடிக்கும் புத்தகம் அச்சடித்து இலவசமாகக் கொடுத்தது. ஈயம் உங்கள் ஆரோக்கியத்தைக் காக்க உதவுகிறது என்ற அர்த்தத்தில் 1923ல் பத்திரிகை விளம்பரம்கூட வந்தது. கிருமிகளைப் பற்றி எல்லாரும் பயந்த காலம் அது. வெள்ளைன்னா சுத்தம், சுத்தம்னா ஆரோக்கியம். அழுக்கு தெரியிற மாதிரி வெள்ளையா இருக்கணும், கழுவுற மாதிரி எண்ணெய்ப் பெயிண்டா இருக்கணும். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், குழந்தை அறை எல்லாம் வெள்ளை. பெற்றவர்கள் பாசத்தோடதான் அடிச்சாங்க.

1943ல் ராண்டால்ஃப் பையர்ஸ் என்ற பாஸ்டன் டாக்டர், சின்ன வயசில் ஈய விஷம் ஏறி "குணமாகி" வீட்டுக்குப் போன 20 குழந்தைகளைத் தேடிப் போய்ப் பார்த்தார். 19 பேர் படிப்பில் பின்தங்கியிருந்தார்கள். பிழைச்சுட்டா சரியாப் போச்சு என்று அதுவரை நினைத்தது தப்பு என்று அன்றைக்குத் தெரிந்தது. 1951ல் பால்டிமோர் நகரம் வீட்டுக்குள் ஈயப் பெயிண்டைத் தடுத்தது. நாடு முழுக்க வீட்டுப் பெயிண்டில் தடை வர 1978 ஆனது. நடுவில் ஈயத் தொழில்காரர்கள் சொன்ன சமாதானம் என்ன தெரியுமா? பெயிண்ட் மேல தப்பில்லை, பிள்ளையைப் பார்த்துக்கத் தெரியாத சேரி வீட்டு அம்மாக்கள் மேலதான் தப்பாம்.

ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தா

பச்சைக்கு முதல் எச்சரிக்கை 1839. கடையை விட்டுப் போனது 1880களில். சுமார் 45 வருஷம்.

வெள்ளைக்கு, ரோமானியரை விட்டுடுவோம், ஃப்ராங்க்ளின் கடிதத்தில் இருந்தே கணக்குப் போடுவோம். 1786லிருந்து 1978. 192 வருஷம்.

ரெண்டுமே விஷம், ரெண்டுக்கும் மாற்று இருந்தது. அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், மாற்றுக்கருத்து இருந்தா தாராளமாச் சண்டைக்கு வாங்க.

ஒண்ணு, பச்சையில் காசு கொடுத்து வாங்கினவரே பயந்தார். அவருடைய படுக்கை அறை, அவருடைய பிள்ளை. பயந்தவர் கையில் பணம் இருந்தது, பத்திரிகைக்கு எழுதத் தெரிந்தது, கடையை மாற்ற முடிந்தது. பூப்பட்டறைப் பெண்களும் செத்தார்கள்தான். ஆனா அவர்கள் சாவு மட்டுமே இருந்திருந்தால் பச்சை இன்னும் அம்பது வருஷம் ஓடியிருக்கும் என்பது என் சந்தேகம். வெள்ளையில் முதலில் விழுந்தது சட்டி அடுக்கினவள், அடுத்து பெயிண்டர், அதற்கும் பிறகு உதிர்ந்துபோன பழைய வாடகை வீட்டில் இருந்த ஏழைக் குழந்தை. சுவருக்குச் சொந்தக்காரருக்கு ஒண்ணும் ஆகவில்லை, அல்லது ஆனது தெரியவில்லை.

ரெண்டு, ஆர்சனிக் என்ற பேருக்கே ஒரு கெட்ட பேர். கொலைக் கேஸ்களில் அடிபட்ட விஷம். ஈயம் அப்படி இல்லை. குழாயில், பாத்திரப் பூச்சில், அச்செழுத்தில் என்று கூடவே வாழ்ந்த உலோகம். தெரிஞ்ச ஆள் மேல சந்தேகம் வர நாளாகும்.

மூணு, கலர். பளபளக்கும் பச்சை ஏதோ ஒரு மாதிரி கண்ணை உறுத்தும், சந்தேகப்படத் தோணும். வெள்ளை மேல யாருக்கு சந்தேகம் வரும்? நம்ம மொழியிலயே பாருங்க, வெள்ளை மனசு, வெள்ளந்தி. கலருக்குக் குணம் கொடுத்துப் பழகிட்டோம். கலருக்குள்ள என்ன கலந்திருக்குன்னு கேட்கணும்னு தோணவே இல்லை.

நம்ம வீட்டுச் சுவர்

இதெல்லாம் வெள்ளைக்காரன் வீட்டுக் கதைன்னு தள்ளிட முடியாது. இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்குக் கட்டாய உச்சவரம்பு விதித்தது 2016ல் வந்த விதிகள். 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது. நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதாவது நம்மில் பலர் வீட்டில் அதற்கு முன் அடித்த எனாமல் இன்னும் ஜன்னலிலும் கதவிலும் இருக்கு. ஆச்சரியம் என்னன்னா, நம்ம கால எனாமலில் ஈயம் அதிகம் இருக்க வாய்ப்புள்ளது வெள்ளையில் இல்லை. பளிச்சென்ற மஞ்சளிலும் ஆரஞ்சு, சிவப்பிலும்தான், லெட் குரோமேட் என்கிற சாயத்தால். கலர் மாறி உட்கார்ந்திருக்கு, அவ்வளவுதான்.

அதனால ஒரு சின்ன வேண்டுகோள். பழைய எனாமல் அடிச்ச ஜன்னலை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொல்லும்போது காய்ஞ்ச நிலையில் தேய்க்க விடாதீங்க. தண்ணி தெளிச்சு நனைச்சுத் தேய்க்கச் சொல்லுங்க. குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்தப் பக்கம் விடாதீங்க. தூசியைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைச்சு எடுங்க. முக்கியமா, தேய்க்கிற அண்ணனுக்கு ஒரு நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுங்க. ரெண்டாயிரம் வருஷமா இந்தக் கதையில் முதல் ஆளா மாட்டுறது அவர்தான்.

கொசுறாக ஒரு தகவல். ஈய வெள்ளையைக் கடைசியில் ஓரங்கட்டியது டைட்டானியம் வெள்ளை. 1916 வாக்கில் நார்வேயிலும் அமெரிக்காவிலும் வியாபார ரீதியில் தயாரிக்க ஆரம்பித்தார்கள். இன்னிக்கு நீங்க அடிக்கிற வெள்ளை எல்லாம் கிட்டத்தட்ட அதுதான். அதற்கான மூலப்பொருள் இல்மனைட் என்ற கறுப்பு மணல். 1930களில் உலகத்துக்கே அதைப் பெருமளவில் அனுப்பியது அன்றைய திருவிதாங்கூர் கடற்கரை. அதில் ஒரு பகுதி இப்போ நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி. அந்த மணல் அள்ளுவதில் வேறு பிரச்சினைகள் இருக்கு, அது தனிப்பதிவுக்கான விஷயம்.

உங்க வீட்ல கடைசியா சுண்ணாம்பு அடிச்சது எப்போ, நீலம் கூடிப்போய்ச் சுவர் உஜாலா விளம்பரம் மாதிரி ஆன அனுபவம் யாருக்காவது இருக்கா? பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி: இதைப் படிச்சிட்டு பச்சை அடிக்கலாமா கூடாதான்னு கேட்காதீங்க. இன்னிக்குக் கடையில கிடைக்கிற பச்சையில் ஆர்சனிக் கிடையாது. தைரியமா அடிங்க. பஞ்சாயத்து மட்டும் உங்க பொறுப்பு :-)